பாலைவனம் மழைக்கு இட்ட பெயர்கள்

மழை மிகுந்த நாட்டில் மழைக்குப் பெயர்கள் மிகுந்திருப்பது இயல்பு. தூறல், சாரல், அடைமழை, பேய்மழை என்று நம் மக்கள் மழையின் அளவையும் போக்கையும் பார்த்துப் பெயர் சூட்டியுள்ளனர். 'வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது', 'கொட்டித் தீர்த்துவிட்டது' என்பனவெல்லாம் நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பேச்சு. ஆனால், ஆண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க நாள்களே மழை காணும் அரபுப் பாலைவனத்திலும் மழைக்கும் வெள்ளத்துக்கும் காற்றுக்கும் ஏராளமான பெயர்கள் வழங்கின என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

மழை அரிதாக வரும் இடத்தில்தான் ஒவ்வொரு துளியும் கணக்கில் வைக்கப்படும். எந்த மேகம் மேய்ச்சல் நிலத்தை உயிர்ப்பிக்கும், எந்த மேகம் பள்ளத்தாக்கில் அடித்த கூடாரங்களை வாரிச் செல்லும் என்று பிரித்தறியத் தெரியாத நாடோடிக் குடும்பம் அடுத்த பருவத்தைக் காண்பது அரிது. ஆகவே ஒட்டகம் மேய்ப்போரும், வணிகக் கூட்டத்தாரும், கடலோடிகளும் தம் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள இச்சொற்களை உண்டாக்கினர். இவை ஏட்டில் ஏறியது பிற்காலத்தில்தான்.

சந்தையில் சேகரித்த சொற்கள்

ஹிஜ்ரி 2-ஆம், 3-ஆம் நூற்றாண்டுகளில் பஸரா நகரம் அரபு இலக்கண ஆய்வின் தலைநகராய் விளங்கியது. அந்நகரின் விளிம்பில் மிர்பத் என்னும் சந்தை இருந்தது. பாலைவன மக்கள் ஒட்டகங்களோடு அங்கு வந்து தங்குவர். நகரத்து அறிஞர்கள் ஏடும் எழுதுகோலுமாக அவர்களிடம் சென்று, அவர்கள் பேச்சில் வழங்கிய சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டனர். திருக்குர்ஆனின் சொற்களுக்கு நுட்பமாகப் பொருள் காண வேண்டுமானால் அம்மக்களின் பேச்சை அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம்.

அவ்வறிஞர்களுள் ஒருவரான அபூஸைத் அல்அன்ஸாரீ (மறைவு ஹிஜ்ரி 215-ஐ ஒட்டி, கி.பி. 830) மழைக்கென்றே 'கிதாபுல் மதர்' என்னும் தனி நூல் இயற்றினார். அவருக்குப் பின் வந்த இப்னு துரைத் (மறைவு ஹிஜ்ரி 321, கி.பி. 933) மழையையும் மேகத்தையும் பற்றிய வருணனைகளைத் தொகுத்தார். ஸஆலிபீ (மறைவு ஹிஜ்ரி 429, கி.பி. 1038) தம் 'ஃபிக்ஹுல் லுகா' நூலில் மழைச் சொற்களையும் காற்றுச் சொற்களையும் வலிமை வரிசைப்படி அடுக்கிக் காட்டினார். மேய்ப்பர்களின் பேச்சு வழக்கு இவ்வாறு அறிவுத்துறையின் பொருளாயிற்று.

அச்சொற்களில் சிலவற்றைப் பார்ப்போம். மென்மையான சிறுமழை 'தல்'. பெருந்துளிகளோடு வலுத்துப் பொழிவது 'வாபில்'. இலையுதிர்காலத்தின் முதல் மழை 'வஸ்மீ'. அதைத் தொடர்ந்து வருவது 'வலீ'. வஸ்ம் என்றால் ஒட்டகத்தின் உடலில் இடும் சூட்டுக்குறி. முதல் மழை காய்ந்த நிலத்தின்மீது பசுமையைக் குறியாக இட்டுச் செல்வதால் அதற்கு வஸ்மீ என்று பெயர் வந்தது. வளைகுடா நாடுகளில் இன்றும் அக்டோபர் நடுப்பகுதியில் தொடங்கும் பருவத்தை மக்கள் 'வஸ்ம்' என்றே அழைக்கின்றனர்.

இடியும் மின்னலும் இன்றி, விடாமல் நிதானமாகப் பெய்யும் மழை 'தீமா'. நம் அடைமழைக்கு நெருங்கிய சொல் இது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வணக்கமும் நற்செயல்களும் எவ்வாறிருந்தன என்று கேட்கப்பட்டபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இச்சொல்லைத்தான் எடுத்தாண்டார்கள். அவர்களின் செயல் ஒரு தீமாவாக இருந்தது என்பது புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ள விடையின் சாரம். ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் மழையாக அன்றி, விட்டுவிடாமல் பெய்து மண்ணுக்குள் இறங்கும் மழையாக இருந்தது என்பது கருத்து. ரமலானில் மட்டும் பெருகிப் பின்னர் வற்றிவிடும் நம் வணக்கங்களை எண்ணிப் பார்க்க இந்த ஒரு சொல்லே போதும்.

வெள்ளத்துக்கும் பெயர் உண்டு

மழைக்கு மட்டுமின்றி, வெள்ளங்களுக்கும் அரபுகள் பெயரிட்டனர். மக்கா மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. மலைகளில் மழை வலுத்தால் வெள்ளம் ஹரம் ஷரீஃபை நோக்கிப் பாயும். ஹிஜ்ரி 17-இல், உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் வந்த வெள்ளம் மகாமு இப்ராஹீம் கல்லையே இடம்பெயரச் செய்தது. அவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட ஒரு பெண்மணியின் பெயரால் அதனை 'உம்மு நஹ்ஷல் வெள்ளம்' என்று மக்கள் அழைத்தனர். கலீஃபா அவர்கள் மக்காவுக்கு நேரில் வந்து மகாமை உரிய இடத்தில் அமைத்ததோடு, வெள்ளத்தைத் தடுக்க அணையும் கட்டுவித்தார்கள்.

ஹிஜ்ரி 80-இல் ஹஜ்ஜுக்காகக் கூடியிருந்தோரையும் அவர்தம் ஒட்டகங்களையும் ஒரு வெள்ளம் வாரிச் சென்றது. அதற்கு 'ஜுஹாஃப்' என்று பெயர். வழியில் உள்ள அனைத்தையும் வழித்துக்கொண்டு போவது என்பது பொருள். இச்சொல்லின் உடன்பிறப்பு ஒன்று நம்மில் பலருக்கு அறிமுகமானது. ஷாம் திசையிலிருந்து வருவோர் இஹ்ராம் பூணும் எல்லையாகிய ஜுஹ்ஃபாவின் பழம்பெயர் மஹ்யஆ. வெள்ளம் வந்து அவ்வூராரை வழித்துச் சென்றதால் அது ஜுஹ்ஃபா ஆயிற்று என்பர். ஹஜ்ஜின் சட்டங்களைப் படிக்கும் மாணவர், தம்மை அறியாமலே ஒரு பழைய வெள்ளத்தின் நினைவையும் உச்சரிக்கிறார்.

யார் தந்த மழை?

இஸ்லாம் வந்தபோது மழைச் சொற்களை மாற்றவில்லை. மழையைத் தருபவன் யார் என்ற நம்பிக்கையைத் திருத்தியது. அரபுகள் நட்சத்திரங்களின் உதய, மறைவுகளைக் கொண்டு மழைக்காலத்தைக் கணித்தனர். இக்கணிப்பு முறைக்கு 'அன்வா' என்று பெயர், இப்னு குதைபா (மறைவு ஹிஜ்ரி 276, கி.பி. 889) இதைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். காலத்தை அறியும் கருவியாக இருந்த நட்சத்திரம், நாளடைவில் மழையைத் தரும் சக்தியாகவே மக்கள் மனத்தில் உயர்ந்துவிட்டது.

ஹிஜ்ரி 6-இல் ஹுதைபியாவில் ஓரிரவு மழை பெய்தது. விடியற்காலைத் தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை நோக்கித் திரும்பி, இம்மழையை அல்லாஹ்வின் அருளால் பெற்றதாகச் சொல்பவர் அவனை நம்பியவர் என்றும், நட்சத்திரத்தால் பெற்றதாகச் சொல்பவர் நட்சத்திரத்தை நம்பியவர் என்றும் விளக்கினார்கள். ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. இந்தக் காலத்தில் மழை வரும் என்னும் பொருளில் நட்சத்திரத்தைக் குறிப்பிடுவதில் குற்றமில்லை என்று அறிஞர்கள் தெளிவுபடுத்தினர். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியால் மழை வரும் என்று நாம் இன்று பேசுவதற்கும் இவ்விளக்கம் பொருந்தும். காரணத்தை ஆராயலாம், காரணத்தைப் படைத்தவனை மறந்துவிடக் கூடாது.

ஆது சமூகத்தார் தவறவிட்ட சொல்

திருக்குர்ஆனில் மழைச் சொற்கள் ஆளப்படும் முறை நுட்பமானது. வறட்சியால் மனம் தளர்ந்தோருக்கு வரும் அருள்மழை 'கைஸ்' எனப்படுகிறது (42:28). லூத் (அலை) அவர்களின் சமூகத்தார்மீது இறங்கிய தண்டனையைக் கூறுமிடத்தில் 'மதர்' என்னும் சொல் வருகிறது. குர்ஆனில் மதர் என்பது வேதனையையே குறிக்கிறது என்று ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) கூறியதை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார். போர்க்களத்தில் மழையால் ஏற்படும் இடரைக் குறிக்கும் 4:102 இதற்கு விலக்கு என்பர்.

இருளும் இடியும் மின்னலும் கலந்து கொட்டும் மழை 'ஸய்யிப்' (2:19). நூஹ் (அலை) அவர்களின் காலத்தில் வானம் திறந்து கொட்டிய நீர் 'முன்ஹமிர்' (54:11). அப்பெரும் பிரளயத்தின் பெயர் 'தூஃபான்' (29:14). காற்றுக்கும் இவ்வாறே படிநிலைகள் உண்டு. அலைகளைக் கிளப்பும் பெருங்காற்று 'ஆஸிஃப்' (10:22). கப்பலை உடைக்கும் கடற்காற்று 'காஸிஃப்' (17:69). நெருப்பைச் சுமந்து சுழன்றடிப்பது 'இஃஸார்' (2:266). ஆது சமூகத்தாரை அழித்த, கடுங்குளிரோடு இரைந்து வீசிய காற்று 'ஸர்ஸர்' (69:6).

அந்த ஆது சமூகத்தாரின் வரலாற்றில் பெரும் படிப்பினை உண்டு. தம் பள்ளத்தாக்குகளை நோக்கிப் பரந்த மேகம் வருவதைக் கண்ட அவர்கள், இது தமக்கு மழை தரும் மேகம் என்று மகிழ்ந்தனர் (46:24). வந்ததோ அழிக்கும் காற்று. எச்சரித்த இறைத்தூதரை முன்னரே பொய்யர் என்று ஒதுக்கியிருந்தமையால், புயல் கண்ணெதிரே வந்தபோதும் அதற்கு மழை என்றே பெயர் சொன்னார்கள்.

மேகத்தையோ காற்றையோ கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகத்தில் கவலை தெரியும். மக்கள் மேகத்தைக் கண்டு மகிழும்போது தாங்கள் மட்டும் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோது, ஆது சமூகத்தார் இப்படித்தான் மேகத்தைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதை நினைவூட்டினார்கள். இறைவனின் அருளில் நம்பிக்கை வைப்பதும், ஆபத்தைக் குறித்து விழிப்போடு இருப்பதும் ஒரே உள்ளத்தில் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கடலோடிகளின் சொற்கள்

இப்பேச்சு பாலைவனத்தோடு நின்றுவிடவில்லை. பாய்மரம் ஏறிக் கடலைக் கடந்தது. வஸ்மீ பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது 'மவ்ஸிம்'. குறிப்பிட்ட காலம், பருவம், ஹஜ் காலம் என்று அதற்குப் பொருள்கள் உண்டு. கப்பல் புறப்படுவதற்கு உரிய காற்றுக் காலத்தையும் அரபு மாலுமிகள் மவ்ஸிம் என்றனர். போர்த்துக்கீசியர் அதனை 'மொன்ஸௌ' ஆக்கினர். ஆங்கிலத்தில் அது 'மான்சூன்' ஆயிற்று. தூஃபான் என்னும் சொல் பாரசீகத்திலும் உருதுவிலும் வங்காளத்திலும் புயலைக் குறிக்கலாயிற்று. மலாய் மொழியில் அது 'தௌஃபான்' என வழங்குகிறது.

ஜுல்ஃபாரில் (இன்றைய ராஸ் அல்கைமா) பிறந்த மாலுமி இப்னு மாஜித், 1490-ஐ ஒட்டி நிறைவுசெய்த தம் கடல் நூலில் இக்காற்றுகளையும் பயணத்துக்கு உரிய நாள்களையும் விரிவாக எழுதினார். தென்மேற்குக் காற்று 'கவ்ஸ்'. வடகிழக்குக் காற்று 'அஸ்யப்'. தென்மேற்குக் காற்று உச்சத்தில் வீசும் மாதங்களைக் கடல் மூடப்பட்ட காலம் என்றே மாலுமிகள் வழங்கினர். அக்காலத்தில் பாய் விரிப்பது துணிவாகக் கருதப்படவில்லை, அறியாமையாகவே கருதப்பட்டது.

ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வந்த கப்பல்கள் நம் காயல் துறையில் நின்றதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்டுள்ளார். அக்கப்பல்களைக் கொண்டுவந்தவை இப்பருவக் காற்றுகளே. நம் கரையோர மக்களிடமும் வாடை, கொண்டல், கச்சான் என்று அதே காற்றுகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் இருந்தன. இரு மொழிகளைப் பேசியவர்கள் ஒரே வானத்தைப் பார்த்து, ஒரே எச்சரிக்கையைத் தத்தம் சொற்களில் அறிந்திருந்தார்கள்.

பாங்கில் ஓர் எச்சரிக்கை

அறிந்தவர் அறிந்ததை மற்றவருக்குப் புரியும்படி சொல்வதும் கடமையே. கடும் மழை பெய்த ஒரு ஜுமுஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்னும் அழைப்புக்குப் பதிலாக, வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கும்படி முஅத்தினிடம் கூறினார்கள். மக்கள் இதைப் புதுமையாகக் கருதியபோது, தம்மினும் சிறந்தவரான நபி (ஸல்) அவர்கள் இவ்வாறு செய்துள்ளார்கள் என்று விளக்கினார்கள். சேற்றிலும் மழையிலும் மக்கள் துன்புறக் கூடாது என்பதற்காகப் பாங்கின் சொல்லே மாற்றப்பட்டது. பள்ளிவாசல் மேடையிலிருந்து மழை எச்சரிக்கை ஒலிப்பது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று.

சொல் சென்று சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 1970 நவம்பர் 12 அன்று, ரமலான் மாதத்து இரவொன்றில், இன்றைய வங்காளதேசத்தின் போலா கரையைப் புயல் தாக்கியது. முழுநிலவை ஒட்டிய கடல் ஏற்றத்தோடு புயலலையும் சேர்ந்து தீவுகளை மூழ்கடித்தது. குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸ் நாட்டின் டக்லோபன் நகரை ஹையான் புயல் தாக்கியபோது, அதிகாரிகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். எனினும் எச்சரிக்கையில் வந்த 'ஸ்டார்ம் சர்ஜ்' என்னும் ஆங்கிலத் தொடர் பலருக்குப் புரியவில்லை. சுனாமியைப் போலக் கடல் ஊருக்குள் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடித் தப்பியிருப்போம் என்று உயிர் பிழைத்தோர் பின்னர் கூறினர். அந்நாட்டில் அப்புயலில் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

போலாவின் துயரத்திலிருந்து வங்காளதேசம் பாடம் கற்றது. 1972-இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. தொண்டர்கள் கொடியோடும் ஒலிபெருக்கியோடும் கிராமம் கிராமமாகச் சென்றனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலும் எச்சரிக்கை ஒலித்தது. கடல் பொங்கி ஊருக்குள் வருவதற்கு 'ஜலோச்சாஸ்' என்று மக்கள் நாவில் வழங்கும் சொல் அங்கு உண்டு. புயல் காப்பகங்களும் பெருகின. 1991-இல் ஏறத்தாழ 1,38,000 பேரைப் புயல் கொண்டுசென்றது. 2007-இல் சித்ர் புயலில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3,400 ஆகக் குறைந்தது. ஒவ்வோர் உயிரும் அருமையானதே. ஆயினும் இந்த வேறுபாட்டில் மனித முயற்சியின் பங்கை யாரும் மறுக்க இயலாது.

காயல்பட்டினமும் ஒரு சொல்லின் எல்லையும்

நம் ஊர்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது, வீடுகளுக்குள் நீர் புகுந்தது.

இந்திய வானிலைத் துறையின் அளவுப்படி, ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை. இந்த அளவு வரிசையில் அதற்கு மேல் தனி வரம்பு இல்லை. 205 மில்லிமீட்டரும் அதிகனமழை. அதைப் போல் நான்கு மடங்குக்கும் மேலான 946 மில்லிமீட்டரும் அதிகனமழையே. மழைக்காலத்தில் பலமுறை கேட்டுப் பழகிய அச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, வரவிருப்பதன் பேரளவை ஒரு வீட்டின் மூத்தவர் எவ்வாறு ஊகிப்பார்? அளவீடு துறைக்கு வேண்டும். மக்களுக்கோ, எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நீர் வரக்கூடும், எப்போது வெளியேற வேண்டும், எங்கே தங்கலாம் என்று சொல்லும் சொல் வேண்டும்.

ஆகவே நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கன சில உண்டு. எச்சரிக்கை வந்ததும் அதனை நம் பாட்டிமார்க்கும் புரியும் பேச்சில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். பழைய வெள்ளங்களின்போது நீர் எதுவரை வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவைக்கலாம். உம்மு நஹ்ஷல் என்று பெயரிட்டு மக்காவாசிகள் நினைவில் வைத்தது போல, நம் ஊர் வெள்ளங்களையும் அடுத்த தலைமுறை அறியட்டும். தாழ்வான தெருக்களில் தனித்து வாழும் முதியோர் யார் யார் என்ற பட்டியல் மழைக்காலத்துக்கு முன்பே ஆயத்தமாக இருக்கட்டும்.

நாவையும் பேணுவோம். காற்றை ஏசக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதன் நன்மையைக் கேட்டு, தீங்கிலிருந்து பாதுகாவல் தேடுமாறு கற்பித்துள்ளார்கள். பாழாய்ப்போன மழை என்று சலித்துக்கொள்ளும் பழக்கத்தை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்க வேண்டாம். மழை காணும்போது, அதனைப் பயன்தரும் பொழிவாக்குமாறு இறைஞ்சுவது நபிவழி. மதீனாவில் ஒரு வாரம் ஓயாது மழை பெய்து, செல்வங்கள் அழிகின்றன என்று ஒருவர் முறையிட்டபோது, மழையைப் பழிக்காமல், அதனைக் குன்றுகளின்மீதும் பள்ளத்தாக்குகளிலும் மரங்கள் முளைக்குமிடங்களிலும் பொழியச் செய்யுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். மதீனாவின்மீதிருந்து மேகம் விலகியது.

வல்ல ரஹ்மான் நம் ஊர்களுக்குக் கைஸாக மழையை இறக்குவானாக! அபாயம் வரும்போது அதன் உண்மைப் பெயரை அறிந்து, அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைக்கும் மக்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.